ஆட்டுக்கல்லுக்கு அடியில்

ஜனவரி 17, வெள்ளி

அரிசி மண்டிக்காரர் இந்த டைரியை என் வீட்டுக்காரருக்குத்தான் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் எழுதியதையெல்லாம் பிரித்து அடுக்கிய மனிதருக்கு இனி எழுத என்ன இருக்கிறது? எனக்கு இருக்கிறது. முதலில் எழுத வேண்டியது, இந்தப் பொங்கலுக்கு என் தோசை மாவு நூற்றுப்பத்து பாக்கெட் போனது. தொட்டியம் கடைத்தெருவில் லோகாம்பாள் மாவு என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பீற்றிக்கொள்ளவில்லை, எதிர்வீட்டு ஜெயக்கொடியைக் கேட்டால் சொல்வாள்.

இரண்டாவது கிரைண்டர் வாங்கப் போகிறேன். அதற்குக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட வேண்டும். அங்கே கிடக்கிற பழைய ஆட்டுக்கல்லை அப்புறப்படுத்தினால்தான் இடம் கிடைக்கும். பதினோரு வருஷமாக அதில் யாரும் மாவு ஆட்டவில்லை. குழியில் தேங்குகிற மழைத் தண்ணீரைக் காக்காய் குடிக்கிறது, அவ்வளவுதான் அதன் உபயோகம்.

கல்லை ஒட்டிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் சதாசிவமும் அவர் மனைவி அஞ்சுகமும். ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்து எழுப்பிய சுவர். பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெருவில் எதிரே வந்தால் நான் மாவு வாளியைப் பார்ப்பேன், அவள் வானத்தைப் பார்ப்பாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மண்டியிலிருந்து இரண்டு பேர் வந்து கல்லை நெம்பி உருட்டிவிட்டுப் போனார்கள். கல் இருந்த இடத்தைச் சமன் செய்யலாம் என்று நானே கடப்பாரையை எடுத்தேன். நாலாவது குத்தில் மண்சட்டி ஒன்று உடைந்தது. உள்ளே பவுன் காசுகள். வெள்ளைக்கார ராணி தலையும் ராஜா தலையும் போட்டவை. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

மாவு வாங்க வந்த ஜெயக்கொடி பார்த்துவிட்டாள். அது எந்தக் காலத்துப் புதையலோ என்றாள். இருக்கும் என்றேன். அவள் வருவதற்கு முன்னால், காசுகளோடு கிடந்த குப்பையை மட்டும் எடுத்து மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் போட்டு வைத்தேன். குப்பை என்றால் குப்பைதான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உளுந்து ஊறப் போட வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு, சட்டத்தையே கரைத்துக் குடித்தவர் மாதிரி திரும்பி வந்தார். 1878-லேயே போட்ட சட்டமாம். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மறைத்தால் பங்கும் போய் ஜெயிலும் உண்டாம். ஜெயக்கொடிக்குத் தெரிந்த பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்றார்.

மத்தியானம் வி.ஏ.ஓ. வந்தார். சட்டி ஓடுகளையும் சேர்த்து எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கினார். காசுகள் முத்திரை வைத்துக் கருவூலத்துக்குப் போய்விட்டன. எதில் வைத்திருந்தது என்று கேட்டார். சட்டியில் என்றேன். சட்டியில்தானே இருந்தது.

உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காருக்கு வேண்டுமென்றால் விலையும் மேற்கொண்டு ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பட்டா இவர் பெயரில் இருக்கிறது, கண்டெடுத்தது நான். கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நான் இவரைவிட மூன்று மடங்கு பணக்காரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தட்டு எடுத்து வைத்தார்.

ஒரு சிக்கல் உண்டு. இதைப் புதைத்தது என் முன்னோர், நூறு வருஷத்துக்குள் புதைத்தது என்று யாராவது வந்து நிரூபித்தால் அது அவர்களுக்குப் போய்விடும். அதற்கு யார் வரப் போகிறார்கள்?

பிப்ரவரி 10, திங்கள்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உரிமை கோருகிறவர்கள் ஜூன் 26 அன்று முசிறி ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆஜராக வேண்டும். நாலு மாசமாவது அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாம். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அஞ்சுகம் அதை இரண்டு தடவை படித்தாள் என்று ஜெயக்கொடி வந்து சொன்னாள்.

நாளைக்கே மனு போடுவாள் பாருங்கள் என்று இவரிடம் சொன்னேன். அவள் எதற்குப் போட வேண்டும் என்று இவர் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று பேச்சை மாற்றியதால் இன்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

என் மாமியாரிடம் பவுன் காசு இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த சிறுவாடு. ஆம்பிளைகள் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை என்னையும் அஞ்சுகத்தையும் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்திக் காட்டினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அத்தை காசிக்கு டூர் பஸ்ஸில் போனார். போய் வந்த நாலாம் நாள் பக்கவாதம் அடித்துப் பேச்சு நின்றது. அரிசிப் பானை, பரண், பீரோ எல்லாவற்றிலும் தேடினேன். காசு இல்லை. பவுன் எங்கே அத்தை என்று கேட்டேன். பின்கட்டில் படுத்திருந்தவர் இடது கையைத் தூக்கிக் கொல்லையைக் காட்டினார். அன்று கரண்டு இல்லை. கொல்லையில் அஞ்சுகம் உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டேன். மறுபடி அவளையே காட்டினார். மூன்று தடவை.

நான் கற்பனை செய்து சொல்லவில்லை. அத்தையே கை நீட்டிக் காட்டியதைத்தான் சொன்னேன். எங்கம்மாவிடம் பவுனா, நீ கனவு கண்டாயா என்று இவர் சிரித்தார். சொந்தக்காரர்கள் நாலு பேரை வைத்து நான்தான் சூடம் ஏற்றினேன். எரிகிற சூடத்தை அஞ்சுகம் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். எடுக்கவில்லை என்றும், அந்தப் பவுன் இனி எப்போது கிடைத்தாலும் கையால் தொட மாட்டேன் என்றும் சத்தியம் செய்தாள். பொய்ச் சத்தியம் என்று நினைத்தேன். மறு மாசம் அத்தை போய்விட்டார். சுவர் வந்தது.

நடந்தது இதுதான். என் மேல் என்ன தப்பு?

மார்ச் 6, வியாழன்

புது கிரைண்டர் வந்துவிட்டது. சத்தமே இல்லை. உளுந்து பஞ்சு மாதிரி பொங்கி வருகிறது. இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்க்கிறார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

மார்ச் 22, சனி

உளுந்து விலை ஏறிவிட்டது. அஞ்சுகம் மனு போடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் காபி குடித்தபடி இவர் சட்டத்தை மறுபடி வாசித்தார். வக்கீல் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். புதையலின் அடையாளம் தெரியாதபடி எதையாவது மாற்றி மறைத்தாலும் தண்டனை உண்டாம். அடையாளம் என்றால் என்ன என்று கேட்டேன். யாருடையது என்று காட்டிக் கொடுக்கிற எதுவானாலும் அடையாளம்தான் என்றார். இட்லிக்குச் சட்னி போதுமா என்று கேட்டேன்.

அவர் வெளியே போன பிறகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். நைலான் துணி எரிந்தால் தெருவெல்லாம் நாறும் என்று நினைவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன். காரணம் நாற்றம்தான், வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். பாயசத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கல். இரண்டு படி பருப்பு வடை சுட்டேன். நாங்கள் இரண்டு பேர்தான், எதற்கு இத்தனை என்று இவர் கேட்டார். கைப்பழக்கம். ஒரே வீடாக இருந்தபோது போட்ட அளவு. மிச்சத்தை ஜெயக்கொடி வீட்டுக்கு அனுப்பினேன்.

மே 3, சனி

மனு போடவில்லை. வந்து கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பவுன் காசு என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. படித்தவளுக்கு அத்தையுடையது என்று தெரியாமலா இருக்கும்? பாதி சொத்தை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அப்படி என்ன திமிர்?

இந்த வாரம் இரண்டு தடவை மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் சதாசிவம் வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். இவர் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணி, அது அம்மாவோடதுன்னு அஞ்சுகம் சொல்றா. மனு போடலாம்னா கேக்க மாட்டேங்குறா. சூடத்துல அடிச்சு சொல்லிட்டேன், இப்ப போய் அதை வாங்குனா அன்னைக்கு நான் எடுத்தது நெசம்னு ஆயிரும்ங்குறா. என்னையும் போடக் கூடாதுங்குறா. நீங்களே வச்சுக்கங்க. ஆனா அவ எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும் எங்களுக்கு."

இவர் என்னைப் பார்த்தார்.  நான் எதற்கோ வாசல் கதவின் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அவளை இருபத்தாறாம் தேதி முசிறிக்கு வரச் சொல்லுங்க," என்றேன். "பவுனைப் பாக்க வேணாம். என்னைப் பாக்க வரட்டும்."

ஜூன் 9, திங்கள்

மாவு போடவில்லை. கடையில் கேட்டவர்களிடம் கிரைண்டர் ரிப்பேர் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விடக் கூடாது.

ஆர்.டி.ஓ. ஒரு பெண். என் மகள் வயசு இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். உரிமை கோரி மனு எதுவும் வரவில்லை, உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பின் வரிசையில் சதாசிவமும் அஞ்சுகமும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையைத் திறந்து இரண்டு துணிகளையும் மேஜை மேல் வைத்தேன். மண் கறை பிடித்த பூனம் சேலைத் துண்டுகள். ஒன்று மஞ்சளில் நீலப் பூப் போட்டது, என்னுடையது. இன்னொன்று பச்சையில் வெள்ளைப் புள்ளி, அஞ்சுகத்தினுடையது. இரண்டும் அத்தை ஒரே தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலைகள். சட்டியில் காசுகள் இரண்டு மூட்டையாக இந்தத் துணிகளில் முடிந்து இருந்தன என்று சொன்னேன். காசிக்குப் போகும்போது திருட்டுப் பயத்தில் மாமியார்தான் ஆட்டுக்கல் ஓரமாகத் தோண்டிப் புதைத்திருக்கிறார், யார் யாருக்கு எது என்று அவரவர் சேலையிலேயே முடிந்து வைத்திருக்கிறார் என்றேன். கண்ட அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

ஆர்.டி.ஓ. துணிகளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இதை ஏம்மா அன்னைக்கே கொடுக்கலை? மறைச்சது குத்தம்னு தெரியுமா?"

"தெரியும்மா. கொடுத்திருந்தா, பதினோரு வருஷமா இவளைத் திருடின்னு சொன்னேனே, அது பொய்னு ஆயிருக்கும்."

இவர் பக்கத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் திரும்பி அஞ்சுகத்தைப் பார்த்தேன். சட்டம் கேட்காத விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. அதை அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு அத்தை கை காட்டுனது உன்னை இல்ல அஞ்சுகம். நீ ஆட்டிக்கிட்டிருந்த கல்லை."

 வலது கையை மடியில் மூடி வைத்திருந்தாள். அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். அன்று அவள் சூடத்தை அடித்தபோது அத்தை கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருமகள் இப்படிச் செய்துவிட்டாளே என்று அழுகிறார் என நினைத்தேன். வாய் பேச முடியாமல் படுத்துக்கொண்டு, நான் செய்வதைப் பார்த்து அழுதிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்ல?

ஆர்.டி.ஓ. என்னைக் கண்டித்தார். ஆனால் அடையாளத்தைத் தானாகவே கொண்டுவந்து ஒப்படைத்தார் என்று எழுதிக்கொண்டார். நூறு வருஷத்துக்குள் மாமியார் வைத்ததாக நம்ப இடமிருக்கிறது, அதனால் தன்னால் யாருக்கும் கொடுக்க முடியாது, சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி வாருங்கள் என்று ஒத்தி வைத்தார். அதுவரை காசுகள் கருவூலத்தில் இருக்கும். மொத்தமும் எங்களுக்கே வந்திருக்க வேண்டிய நாள். வெறும் பையோடு வெளியே வந்தேன். பசித்தது.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சின் ஒரு ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். ஆம்பிளைகள் இருவரும் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அஞ்சுகம் வந்து அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் போனது.

"அந்தப் பச்சைச் சேலை முந்தானை கிழிஞ்சு போச்சுன்னு சலவைக்காரரோட சண்டை போட்டேங்க்கா," என்றாள். "அவரை அப்புறம் வீட்டுக்கே வர வேணாம்னுட்டேன். அவர்கிட்ட போய்ச் சொல்லணும்."

அக்கா என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சுவருக்கு மேலே ஒரு பாக்கெட் மாவை வைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கொத்துமல்லித் துவையல் இருந்தது. புளி கொஞ்சம் அதிகம். சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சுவரை இடித்துவிடலாமா என்று இவர் கேட்டார். நானும் அஞ்சுகமும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. கிண்ணம் வைத்து எடுக்கத் தோதான உயரம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வழக்குத் தாக்கல் ஆகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் வாதிகள், சர்க்கார் பிரதிவாதி. சாட்சி நானும் அஞ்சுகமும். எங்களுக்குள் தகராறு ஒன்றும் இல்லை என்று சொல்லவே ஒரு வழக்கா என்று வக்கீலைக் கேட்டேன். இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் கிடைப்பது அபூர்வம் என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

கோர்ட்டு நாள். ஆம்பிளைகளுக்கு இன்று வேலை இல்லை, நாங்கள் இருவர் மட்டும் போனோம். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். சர்க்கார் தரப்பு அவகாசம் கேட்டது. கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். ஹோட்டலில் மசால் தோசை சாப்பிட்டோம். மாவு புளித்திருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன், அஞ்சுகம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

பதினேழு காசை இரண்டு மகன்களுக்கும் சமமாக எப்படிப் பிரிப்பது, மிச்சம் ஒன்றை விற்றுப் பணமாகப் பங்கு போடலாமா என்று வக்கீல் கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆர்.டி.ஓ.விடம்கூட நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இந்த டைரியிலும் எழுதவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அஞ்சுகத்துக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு அடுத்த சீட்டு. முசிறி எல்லை தாண்டியதும் சொன்னேன். அன்று மூட்டைகளை அவிழ்த்து எண்ணியபோது என் சேலைத் துண்டில் எட்டுக் காசு இருந்தது. அவள் துண்டில் ஒன்பது. திருடி என்ற பேச்சு பொய்யாகிவிடும் என்ற பயம் பிறகுதான் வந்தது. துணிகளை மறைக்க முதலில் கை போனதே அந்த ஒரு காசுக்காகத்தான். மூத்த மருமகள் நான். எனக்கு எட்டா?

அவள் வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமோ என்னவோ. அத்தைக்கு என்னைவிட அவளை ஒரு காசு கூடப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்.

அடுத்த நிறுத்தத்தில் அஞ்சுகம் எழுந்து நின்றாள். நம் ஊர் இன்னும் வரவில்லையே என்றேன்.

"ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்கக்கா," என்றாள். "எனக்குத்தான் ஒண்ணு கூட வந்திருச்சே."

நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். நல்ல காற்று.